மருந்து என்று ஒரு பெயர்

நெல் வயலுக்குத் தெளிக்கிற விஷத்துக்கு நம் கிராமங்களில் மருந்து என்று பெயர். மருந்து என்றால் அதை உட்கொண்டவன் பிழைக்கவேண்டும். இந்த மருந்தை உட்கொண்டவன் பிழைப்பதில்லை. "இன்னார் மருந்தைக் குடித்துவிட்டார்" என்று ஊரில் சேதி வந்தால், எந்த மருந்து, எந்த வைத்தியர் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். அப்படியிருந்தும், வயலுக்கு என்று வரும்போது அது மறுபடியும் மருந்தாகிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். ஜாவாத் தீவின் குடியானவனும் இதே காரியத்தைச் செய்திருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. 'ஓபாத்' என்றால் இந்தோனேஷிய மொழியில் மருந்து. தலைவலிக்குத் தின்பதும் ஓபாத். பயிருக்கு அடிப்பதும் ஓபாத். அந்த ஒரு சொல்லுக்காக அந்த நாடு கொடுத்த விலை பெரியது. அந்த விலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சென்ற சம்பாவில் ஊருக்குப் போயிருந்தேன். என் அண்ணன் மகன்தான் இப்போது நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"நாளைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கேன் சித்தப்பா."

"வயலில் என்ன பூச்சி?"

"பூச்சி ஒண்ணும் கண்ணுல படல. பக்கத்து வயல்ல அடிச்சுட்டாங்க. நாம அடிக்காம விட்டா அங்கே இருக்கிறதெல்லாம் நம்மகிட்ட வந்துடும்ல? புகையான் வந்தா ஒரு வாரத்துல முடிஞ்சுடும்."

அவன் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பேனாவைப் பிடித்துப் பிழைக்கிறவன். வயல் பொய்த்தால் எனக்கு ஒரு மூட்டை அரிசி குறையும், அவனுக்கு அந்த வருஷமே குறையும். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஜாவாக் கதையை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் பாதி கேட்டான். அதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டான். வாசகர்களுக்காவது முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

புகையான் என்ற பெயரை வைத்தவன் யாரோ, அவன் கவிதான். எள்ளளவு தத்துப்பூச்சி; பழுப்பு நிறம். தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, நிழலில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பச்சென்று நிற்கிற வயலில் ஒரு நாள் வட்டமாக ஒரு இடம் மஞ்சளாகும். பிறகு பழுத்து, காய்ந்து, யாரோ அடியிலே மூட்டம் போட்டுப் புகைத்ததுபோல் ஆகிவிடும். வட்டம் பெருகிப் பெருகி அடுத்த வட்டத்தோடு சேர்ந்தால் வயல் போயிற்று. உறிஞ்சுவது போதாதென்று சில வைரஸ் நோய்களையும் அது பயிருக்குப் பரப்பும். ஜாவாவில் இதற்கு 'வெரெங்' என்று பெயர்.

இந்தப் பூச்சி புதிதாக வந்ததல்ல. ஆசியாவில் நெல் விளைகிற இடங்களில் அது வெகுகாலமாக இருந்துவருகிறது. ஆனால் வெப்பநாடுகளில் பழைய நாளில் அதைப் பெரிய சத்துருவாக யாரும் நினைத்ததில்லை. எங்கோ மூலையில் ஏழைபோல் பிழைத்துவந்தது. அதற்குப் பட்டாபிஷேகம் நடந்தது 1970-ஐ ஒட்டிய வருஷங்களில்தான்.

1960-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1966-இல் அங்கிருந்து ஐ.ஆர். 8 வெளிவந்தது. இந்தோனேஷியாவின் 'பெத்தா' என்ற உயரமான நெல்லும் சீனத்துக் குட்டை நெல் ஒன்றும் கூடிப் பெற்ற பிள்ளை அது. உரத்தைத் தின்றுவிட்டுச் சாயாமல் நிற்கும். வயிறு நிறையக் கொடுக்கும். பசியைக் கண்ட தலைமுறை அதை வரவேற்றதில் தவறே இல்லை. அந்த நெல்லைப் பழித்துப் பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. வீட்டில் அரிசி இருக்கிறவர்கள்தான் அப்படிப் பேசுகிறார்கள்.

இந்தோனேஷியா அரிசிக்காகத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. 'பிமாஸ்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். விதை, உரம், மருந்து, கடன் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் குடியானவனிடம் கொடுப்பது. 1960-களின் கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கூப்பிட்டு, ஆகாய விமானத்திலிருந்து வயல்கள்மேல் மருந்து தூவவும் செய்தார்கள். கீழே யார் வயல், அதில் பூச்சி இருக்கிறதா, நெல்லோடு மீன் வளர்க்கிறானா என்றெல்லாம் விமானத்திலிருந்து பார்க்க முடியாதல்லவா? அந்த ஏற்பாடு 1970-இல் நின்றது. ஆனால் பொட்டலத்துக்குள் இருந்த மருந்து நிற்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்து அடிக்கச் சொன்னார்கள். மருந்தின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை ஸர்க்காரே ஏற்றது. கிட்டத்தட்ட இனாமாக வருகிற பொருளை வேண்டாம் என்று சொல்லுகிற குடியானவன் எந்த நாட்டில் இருக்கிறான்?

1970-களின் நடுவில் வெரெங் கிளம்பியது. ஜாவாவில் லட்சக்கணக்கான ஏக்கர் புகைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தோனேஷியா உலகத்திலேயே அதிகமாக அரிசி வாங்குகிற நாடு என்ற பெயரை எடுத்தது. இந்தோனேஷியா மட்டும் அல்ல. 1973-74-இல் கேரளத்துக் குட்டநாட்டிலும் இதே பூச்சி வயலை வாரிக்கொண்டு போயிற்று.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. பூச்சிக்கு மசியாத நெல்லைத் தேடினார்கள். 1973-இல் வந்த ஐ.ஆர். 26 அப்படிப்பட்டது. அதன் பெற்றோரில் ஒன்று நம் திரூர்க்குப்பத்தில் பிறந்த டி.கே.எம். 6 என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெருமை நீடிக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்குள் அந்த நெல்லையும் தின்னக் கற்றுக்கொண்ட தத்துப்பூச்சி தோன்றிவிட்டது. 1976-இல் குர்தேவ் குஷ் என்ற பஞ்சாபியர் உருவாக்கிய ஐ.ஆர். 36 வந்தது. அது நெடுநாள் தாங்கியது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இத்தனை காலம் மூலையில் கிடந்த பூச்சி ஏன் இப்போது மட்டும் எழுந்தது?

நெருக்கமான பயிர், தழைச்சத்து உரம், வருஷம் முழுவதும் ஓயாமல் நெல் என்று பல காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பிலிப்பைன்ஸில் ஓர் அமெரிக்க இளைஞர் வயல் வயலாகக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். பீட்டர் கென்மோர் என்று பெயர். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையின் டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்த வேலை அது, 1980-இல் முடிந்தது. மருந்து அடித்த வயலிலும் அடிக்காத வயலிலும் புகையானை எண்ணினார். அடிக்காத வயலில் பூச்சி இருந்தது. ஆனால் அடக்கமாக இருந்தது. அடித்த வயலில் அது பல நூறு மடங்கு பெருகியது.

ஒரு தடவை அச்சுப்பிழையோ என்று எண்ணி மறுபடியும் படித்தேன். பிழை இல்லை. அடித்த வயலில்தான் பெருகியது.

காரணம் கேட்டால் ஒரு துப்பறியும் கதைபோல் இருக்கிறது. புகையான் தன் முட்டையை இலையின்மேல் இடுவதில்லை. இலை தண்டைச் சுற்றியிருக்கிற உறையைக் கீறி உள்ளே வைத்துவிடுகிறது. ஒரு தாய் நூற்றுக்கணக்கில். மருந்து வயல்மேல் விழும்போது வெளியே இருக்கிற பூச்சிகள் செத்துப்போகும். குடியானவன் குனிந்து பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போவான். உள்ளே இருக்கிற முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். வந்து பார்த்தால் வயலில் காவல்காரன் ஒருவன்கூட இல்லை. அத்தனை பேரையும் மருந்து கொன்றுவிட்டது.

அந்தக் காவல்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். முதலில் ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னிக்கொண்டு காத்திருக்கிற ஜாதி இல்லை. தூருக்குத் தூர் ஓடி, தண்ணீர்மேலும் நடந்து, கண்டதைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை தின்னும். தாய்ச்சிலந்தி முட்டைப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டே வேட்டையாடும். குஞ்சுகள் பொரிந்ததும் அறுபது எழுபதையும் முதுகிலே ஏற்றிக்கொண்டு திரியும். இரண்டாவது, பச்சை நாவாய்ப்பூச்சி. பார்த்தால் இதுவும் பயிரைக் கெடுக்க வந்தது என்றே தோன்றும். உண்மையில் அது இலையுறைக்குள் ஊசிமூக்கைச் செலுத்திப் புகையானின் முட்டையை உறிஞ்சிவிடுகிறது. மருந்து போய்ச்சேராத இடத்துக்கு அது போய்ச்சேருகிறது. பிறகு கண்ணுக்கே தெரியாத குளவிகள். புகையான் முட்டைக்குள் தம் முட்டையை வைப்பவை. தண்ணீர்மேல் நழுவிக்கொண்டிருக்கிற சிறு பூச்சிகள், தவறி விழுகிற குஞ்சுகளைக் கும்பலாகப் பாய்ந்து பிடிக்கும். பொறிவண்டு, தட்டான், ஊசித்தட்டான் எல்லோரையும் நமக்குத் தெரியும். தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பாவம் எனக்கும் உண்டு.

ஜாவாவின் நெல் வயல்களில் பிற்பாடு வில்லியம் செட்டில் என்பவரும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தார்கள். பூச்சியும் சிலந்தியுமாக எழுநூறு இனங்களுக்கு மேல் கண்டார்கள். பயிரைக் கெடுப்பவை அதில் சிறு கூட்டம். 1996-இல் அவர்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. நாற்று நட்ட புதிதில், புகையானே வந்து சேருமுன், வயலில் சிலந்திகள் வந்து குடியேறிவிடுகின்றன. இரை இல்லாமல் எப்படிப் பிழைக்கின்றன? மக்கிய தாளும் எருவும் கிடக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டாகின்றன. அவற்றைத் தின்று சிறு ஈக்களும் கொசு போன்றவையும் கிளம்புகின்றன. பயிருக்கு அவற்றால் நன்மையும் இல்லை, கெடுதியும் இல்லை. ஆனால் சிலந்திகளுக்கு அதுதான் சத்திரத்துச் சாப்பாடு. பின்னால் வருகிற சண்டைக்குப் படை முன்னாலேயே தின்று கொழுத்துக் காத்திருக்கிறது. நட்ட இருபதாம் நாள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு தடவை மருந்து அடித்தால் படையும் போயிற்று, சத்திரமும் போயிற்று.

இன்னொரு அதிசயமும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்லையா லாஸ் பான்யோஸில் ஹெய்ன்ரிக்ஸ் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1980-இல் வெளியிட்டார்கள். சில மருந்துகள் காவலைக் கொல்வதோடு நிற்கவில்லை; சாகாமல் தப்பிய புகையான் முன்னைவிட அதிகமாக இனம் பெருக்கும்படியும் செய்தன. நிஜமாகவே மருந்துதான் போலிருக்கிறது, ஆனால் பூச்சிக்கு.

இதெல்லாம் 1980-லேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் அன்றைக்கே மருந்தை நிறுத்தியிருப்பார்களே என்று வாசகர்கள் நினைக்கலாம். ஸர்க்கார்கள் அப்படி நடப்பதில்லை. ஐ.ஆர். 36-இன் புண்ணியத்தில் விளைச்சல் ஏறியது. 1984-இல் இந்தோனேஷியா அரிசியில் தன் காலில் நின்றது. மறு வருஷம் ஜனாதிபதி சுகார்த்தோ ரோமாபுரிக்குப் போய் ஐ.நா. உணவு, விவசாய ஸ்தாபனத்தின் சபையில் பேசினார். அவர் நாட்டுக் குடியானவர்கள் ஆப்பிரிக்காவின் பஞ்சத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன் நெல்லை நன்கொடையாகக் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் கையேந்திய நாடு! அந்தப் பெருமையை யாரும் சிறிதாக நினைக்கக்கூடாது.

மாலை வாடுமுன் புகையான் திரும்பிவந்தது. 1986-இல் மத்திய ஜாவாவில் மறுபடியும் வட்டம் வட்டமாக வயல்கள் காய்ந்தன. அடிக்க அடிக்கப் பெருகியது. மருந்துக்கான மானியம் வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதே வருஷம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து, எண்ணெய் விற்றுப் பிழைத்த இந்தோனேஷியாவின் கஜானாவும் சுருங்கியது. ஈடா ஞோமன் ஓகா போன்ற அந்நாட்டுப் பூச்சியியல் நிபுணர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததைக் கேட்க இப்போதுதான் காது கிடைத்தது. கென்மோரும் அப்போது உணவு, விவசாய ஸ்தாபனத்தின் சார்பில் இந்த வேலையில்தான் இருந்தார். விஞ்ஞானம் பாதி வேலை செய்தது, காலிப் பெட்டி பாதி வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

1986-ஆம் வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி சுகார்த்தோ ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். 57 மருந்துகளை நெற்பயிரில் உபயோகிக்கக்கூடாது. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989 ஜனவரியில் அடியோடு நின்றது. அந்த மனிதர் ஆட்சி நடத்திய விதத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. சொன்னால் சொன்னதுதான் என்ற ராஜ்யம் அது. மருந்தை அடி என்று சொன்னதும் அந்த ராஜ்யம்தான். அடிக்காதே என்று சொன்னதும் அதுதான். நல்ல காரியம் கெட்ட கையாலும் நடக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இது தெரிந்த விஷயம்.

விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தார்கள். விழவில்லை. மருந்தின் உபயோகம் சில வருஷங்களில் பாதிக்கும் கீழே வந்தது, நெல் குறையவில்லை.

உத்தரவு போட்டதோடு விட்டிருந்தால் கள்ளத்தனமாக அடித்திருப்பார்கள். 1989 முதல் கிராமம் கிராமமாக 'வயல் பள்ளிக்கூடம்' வைத்தார்கள். இருபத்தைந்து பேர், ஒரு போகம் முழுவதும் வாரம் ஒரு காலை. பாடப் புத்தகம் கிடையாது. விடிந்ததும் வயலில் இறங்கித் தூரைத் தட்டி எண்ணுவது. கரையேறி, பெரிய காகிதத்தில் கலர்ப் பென்சிலால் பயிரை நடுவில் வரைந்து, கெடுக்கிற பூச்சியை ஒரு பக்கமும் காவல்பூச்சியை மறுபக்கமும் எழுதுவது. பிறகு அடிப்பதா வேண்டாமா என்று தர்க்கம். கொசுவலைத் துணியால் கூண்டு கட்டி, ஒன்றில் புகையானை மட்டும், இன்னொன்றில் புகையானோடு சிலந்தியையும் விட்டு வைப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். வேண்டுமென்றே பயிரின் இலையைக் கத்தரித்துவிட்டு, அறுவடையில் எவ்வளவு குறைகிறது என்றும் பார்த்தார்கள். இளம் பயிர் இலையை இழந்தாலும் திரும்ப விடுகிறது என்று கண்ணால் கண்டார்கள். பத்து வருஷத்துக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இப்படிப் படித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. 'ஓபாத்' என்று சொல்லக்கூடாது. 'ராச்சுன்' என்று சொல்லவேண்டும். ராச்சுன் என்றால் விஷம். பழக்கதோஷத்தால் யாராவது ஓபாத் என்றால் மற்றவர்கள் திருத்துவார்கள். இத்தனை ஆராய்ச்சியிலும் எனக்கு இந்தச் சின்னச் சட்டம்தான் பெரிதாகப் பட்டது. மருந்து என்று சொன்னால் பயிர் நோயாளி ஆகிறது. அடிக்காதவன் பெற்ற பிள்ளைக்கு வைத்தியம் பார்க்காத பாவி ஆகிறான். விஷம் என்று சொன்னால், யாருக்கு வைக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றும்.

வியட்நாமில் வேறு வழி பிடித்தார்கள். 1994-இல் மீகாங் ஆற்றுப் பிரதேசத்தில், விதைத்த முதல் நாற்பது நாள் மருந்து அடிக்கவேண்டாம் என்பதை ரேடியோவில் சின்னச் சின்ன ஹாஸ்ய நாடகமாகப் போட்டார்கள். இதற்குப் பின்னால் இருந்தவர் ஹியாங் என்ற மலேஷியப் பூச்சியியல் நிபுணர். 'என்னை நம்பவேண்டாம், உங்கள் வயலில் ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள்' என்பதுதான் சாரம். தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஜாவாவின் கதை சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் சுகார்த்தோ போனார், பள்ளிக்கூடங்கள் மெலிந்தன, புதிய பெயர்களில் மருந்துகள் சந்தைக்கு வந்தன. 2009-ஐ அடுத்த இரண்டு மூன்று போகங்களில் ஜாவாவில் வெரெங் மறுபடியும் பெருவாரியாகப் பரவியது. கற்ற தகப்பன் வயலைவிட்டு ஓய்ந்திருப்பான். மகன் கடைக்குப் போயிருப்பான். கடையில் கேட்கிற சொல் ஓபாத்தான்.

மறுநாள் காலை நானும் அண்ணன் மகனும் வயலுக்குப் போனோம். நம் பல்கலைக்கழகமே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. தூர் ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைக்கு இரண்டு புகையான் வரையில் பொறுக்கலாம். சிலந்தி இல்லாவிட்டால் ஒன்றுதான். ஸர்க்கார் கணக்கில் சிலந்திக்கும் ஓர் ஓட்டு இருக்கிறது. அவன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கித் தூரைச் சாய்த்துத் தட்டினான். இரண்டு மூன்று தத்துப்பூச்சிகள் தண்ணீரில் விழுந்தன. பழுப்பாக ஏதோ ஒன்று விழுந்து, மூழ்காமல், தண்ணீர்மேல் விறுவிறுவென்று ஓடி அடுத்த தூரில் ஏறியது.

"இதுதானா சித்தப்பா? இது எப்பவும் இருக்குமே!" என்றான்.

இருபது தூர் தட்டினோம். நான் கரையில் நின்று எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன். தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் சொல்லியிருந்த ஆள் வரப்பில் வந்துகொண்டிருந்தார். அண்ணன் மகன் என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"அண்ணே, அடுத்த வாரம் பாத்துக்கலாம். இன்னைக்குக் கூலியை வாங்கிக்கிட்டுப் போங்க" என்றான்.